சாப்பிடுகிறவர் ஒருவர், தேர்ந்தெடுக்கிறவர் இன்னொருவர்: கேன்டீன் போட்டியால் யாருக்கு லாபம்?

தொழிற்சாலைக் கேன்டீனில் தட்டை நீட்டுகிறவர் தொழிலாளி. அந்தத் தட்டில் எந்தக் கான்ட்ராக்டரின் சாம்பார் விழ வேண்டும் என்று முடிவு செய்வது அட்மின் துறை அல்லது ஹெச்.ஆர். துறை. பணத்தின் பெரும்பகுதியைக் கொடுப்பது நிறுவனத்தின் கணக்குப் பிரிவு. காய்கறிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவரோ இந்த மூன்று வேலைகளையும் தாமே செய்கிறார்: காம்பைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்குகிறார், காசு கொடுக்கிறார், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைத்துச் சாப்பிடுகிறார், சொத்தை விழுந்திருந்தால் அடுத்த வாரம் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். கடைக்காரர்கள் தங்களுக்குள் போட்டி போடுவதால் வாங்குகிறவருக்கு நன்மை விளைகிறது என்று நாம் சொல்லும்போது, நம் மனத்தில் இருப்பது இந்தக் கத்தரிக்காய்ச் சந்தைதான். பணியிடச் சேவைகளில், அதாவது கேன்டீன், கம்பெனி பஸ், விடுதி, உணவுக் கூப்பன், குழுக் காப்பீடு போன்றவற்றில், அந்த மூன்று வேலைகளும் மூன்று பேரிடம் பிரிந்து கிடக்கின்றன. ஆகவே, வழங்குநர்களிடையே போட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்பது போதாது. அந்தப் போட்டியில் யாரைத் திருப்திப்படுத்தினால் வெற்றி கிடைக்கும் என்பதையும் கேட்க வேண்டும். உணவை மட்டும் எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம். மற்ற சேவைகளுக்கும் இந்தத் தர்க்கம் பெரும்பாலும் பொருந்தும்.

சட்டத்திலிருந்து தொடங்குவோம், ஏனெனில் இந்தியத் தொழிற்சாலைகளில் கேன்டீன் என்பது முதலாளியின் பெருந்தன்மையால் வந்ததன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 46ஆம் பிரிவில், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலைகளில் கேன்டீன் அமைக்கக் கட்டாயப்படுத்தும் விதிகளை இயற்ற மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், 100 ஒப்பந்தத் தொழிலாளர்கள் இருந்தாலே கேன்டீன் வேண்டும் என்றது. இவற்றின் இடத்துக்கு வந்துள்ள 2020ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து 100 பேர் என்ற எண்ணிக்கையைப் பொது வரம்பாக்கியிருக்கிறது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 46ஆம் பிரிவில் இரண்டு செய்திகள் கவனிக்கத் தக்கவை. உணவின் விலையை நிர்ணயிக்கும்போது எந்தெந்தச் செலவுகளைக் கணக்கில் சேர்க்காமல் முதலாளியே ஏற்க வேண்டும் என்பதை விதிகள் சொல்லலாம். கேன்டீனை நடத்த ஒரு நிர்வாகக் குழு வேண்டும், அதில் தொழிலாளர்களுக்கு இடம் வேண்டும் என்பது மற்றொன்று. தொழிலாளர்கள் வழக்கில் 'கேன்டீன் கமிட்டி' என்று சொல்வது இதைத்தான். உணவின் தரம், அளவு, மெனு, பரிமாறும் நேரம் ஆகியவை பற்றி இந்தக் கமிட்டியின் கருத்தைக் கேட்க வேண்டும். கான்ட்ராக்டரை யார் தேர்ந்தெடுப்பது என்பது அந்தப் பட்டியலில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. நாக்குக்குச் சட்டம் ஓர் இருக்கை கொடுத்தது; ஆனால் டெண்டர் திறக்கும் அறையில் அந்த இருக்கையைப் போடவில்லை.

அந்த அறையில் நடப்பதை எண்களோடு பார்ப்போம். ஒரு கற்பனைக் கணக்கு: நாளொன்றுக்கு 3,000 பேர் சாப்பிடும் ஆலை, மாதத்துக்கு 26 வேலை நாள்கள். ஒரு கான்ட்ராக்டர் மற்றவரைவிடத் தட்டுக்கு 2 ரூபாய் குறைத்துக் கேட்டால், நிறுவனத்துக்கு மாதம் 1,56,000 ரூபாயும் ஆண்டுக்கு 18,72,000 ரூபாயும் மிச்சமாகின்றன. இந்த மிச்சம் ஒரே தாளில், ஒரே வரியில், கையெழுத்துப் போடுகிறவரின் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த 2 ரூபாய் எங்கிருந்து குறைந்தது என்பது எந்தத் தாளிலும் தெரிவதில்லை. அரிசியில் ஒரு படி கீழே இறங்கியிருக்கலாம், துவரம்பருப்பில் நீர் கூடியிருக்கலாம், வடை பொரித்த எண்ணெய் மறுநாளும் அடுப்பேறியிருக்கலாம், பாத்திரம் கழுவ எட்டுப் பேர் இருந்த இடத்தில் ஐந்து பேர் நிற்கலாம். மிகக் குறைந்த விலை கேட்டவருக்கே வேலை என்ற 'எல்-1' முறையில், கான்ட்ராக்டர்களுக்கு இடையே கடும் போட்டி நிச்சயமாக இருக்கிறது. சாப்பாட்டில் நீர் கூடுவதற்குக் காரணமும் அந்தப் போட்டிதான். போட்டி குறைவாக இருப்பதால் சேவை கெட்டது என்று இங்கே சொல்ல முடியாது. வெற்றிக்கோடு தவறான இடத்தில் போடப்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டத்தில் ஒரு பழைய வேறுபாடு உதவுகிறது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக் 1859இல், போட்டியில் இரண்டு வகை உண்டு என்று எடுத்துக்காட்டினார். ஒரு களத்துக்குள்ளே பலர் ஒரே நேரத்தில் மோதுவது ஒன்று. களத்தையே பெறுவதற்காக வெளியே நின்று மோதி, வென்றவர் மட்டும் உள்ளே போய்க் குறிப்பிட்ட காலம் தனியாக இருப்பது மற்றொன்று. குடிநீர், எரிவாயு போன்றவற்றில் தெருவுக்கு மூன்று குழாய்கள் பதிப்பது வீண் என்பதால், இரண்டாவது வகையை அவர் ஆதரித்தார். கேன்டீன் டெண்டர் அச்சுப் பிசகாமல் அந்த இரண்டாவது வகை. அதன் பலவீனமும் அதே வகையைச் சேர்ந்தது. போட்டியின் சூடு டெண்டர் மாதத்தில் மட்டும் இருக்கும். வென்ற மறுநாளிலிருந்து ஒப்பந்தம் முடியும் வரை அந்தச் சமையலறைக்கு எதிரி கிடையாது. 'டிரையல்' என்று ருசி பார்க்கும் நாளில் கான்ட்ராக்டரின் மிகச் சிறந்த மாஸ்டர் வந்து சமைப்பார் என்பதும், ஒப்பந்தம் கையெழுத்தானபின் அந்த மாஸ்டர் அடுத்த டிரையலுக்குப் போய்விடுவார் என்பதும் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி.

களத்துக்குள்ளே போட்டியைக் கொண்டுவர முடியாதா என்றால், சில இடங்களில் முடியும். சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள தகவல் தொழில்நுட்ப வளாகங்களின் ஃபுட் கோர்ட்டுகள் அப்படிப்பட்டவை. ஒரே கூரையின் கீழ் தென்னிந்தியச் சாப்பாடு, பிரியாணி, சப்பாத்தி, பழச்சாறு என்று தனித்தனிக் கடைகள். ஊழியர் தம் பணத்தையோ நிறுவனம் கொடுத்த அட்டையையோ எடுத்துக்கொண்டு தமக்குப் பிடித்த வரிசையில் நிற்கிறார். இன்று ரசம் சப்பென்று இருந்தால் நாளை வரிசை இடம் மாறும், அந்தச் செய்தி கடைக்காரருக்கு நாளை மதியமே கல்லாவில் தெரியும். இதற்குப் புகார்ப் பெட்டியும் வேண்டாம், கமிட்டியும் வேண்டாம். ஆயினும் இந்த ஏற்பாட்டிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கடைகளுக்கு இடம் கொடுக்கும் வளாக நிர்வாகமோ இடைநிலை ஒப்பந்ததாரரோ, விற்பனையில் ஒரு பங்கையோ கனத்த வாடகையையோ கேட்கும்போது, உள்ளே வரும் எல்லாக் கடைகளின் அடக்கவிலையும் ஒன்றாக ஏறுகிறது. கடைகள் ஒன்றோடொன்று ருசியில் மோதிக்கொள்ளும், விலையில் எல்லாமே உயர்ந்து நிற்கும். அந்த விலைக்கு உண்மையான மூக்கணாங்கயிறு போடுவது வளாக வாசலுக்கு வெளியே நிற்கும் கையேந்தி பவன். வாசலில் இருபதடி தூரத்தில் எலுமிச்சைச் சாதம் கிடைக்கும் வளாகத்தில், உள்ளே இருக்கும் கடைகள் அடக்கி வாசிக்கும்.

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் உள்ள தொழிற்பேட்டைகளுக்கு இந்த வாய்ப்பு இல்லை. தொழிற்சாலைகள் சட்டத்தின் 55ஆம் பிரிவு, ஐந்து மணி நேர வேலைக்கு மேல் போகாமல் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தரச் சொன்னது. நடைமுறையில் பல ஷிப்டுகளில் அந்த அரை மணி நேரமே முழு இடைவேளை. லைனிலிருந்து இறங்கி, கை கழுவி, கேன்டீன் வரை நடந்து, வரிசையில் நின்று, சாப்பிட்டு, மீண்டும் தன் இடத்துக்குத் திரும்புவதற்குள் அது தீர்ந்துவிடும். கேட்டைத் தாண்டிப் போய் வேறு கடையைத் தேடும் உரிமை தாளில் இருக்கலாம்; கடிகாரத்தில் இல்லை. இப்படிப்பட்ட இடங்களில் ஒரே சமையலறைக்குள் இரண்டு கவுண்டர்களை இரண்டு கான்ட்ராக்டர்களிடம் கொடுப்பது ஒரு வழி. அதற்குப் போதுமான தலைக்கணக்கு வேண்டும். 400 பேர் சாப்பிடும் ஆலையில் இரண்டாகப் பிரித்தால் இருவருக்குமே கட்டுப்படியாகாது, 4,000 பேர் சாப்பிடும் ஆலையில் தாராளமாகக் கட்டுப்படியாகும். போட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தத் தலைக்கணக்கை மறந்துவிடுவதால்தான், பெரிய நிறுவனத்தில் வென்ற யோசனை சிறிய நிறுவனத்தில் மூன்றே மாதத்தில் குலைகிறது.

தேர்ந்தெடுக்கும் வழியும் இல்லை, வெளியே போகும் வழியும் இல்லை என்றால் என்ன நடக்கும் என்பதை 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் பார்த்தது. ஐபோன்களை ஒருங்கிணைக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் உணவு நஞ்சானதில், 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியல் நடந்தது. தொழிலாளர்களுக்கான சில விடுதிகளும் உணவுக் கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்ப இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அந்த ஆலையைக் கண்காணிப்புக் காலத்தில் வைத்தது. சில வாரங்கள் மூடியிருந்த ஆலை 2022 ஜனவரியில்தான் திறந்தது. தங்குமிடத்தையும் உணவையும் நடத்தியவர்கள் இடைநிலைக் கான்ட்ராக்டர்கள். அவர்களுக்கு இடையே ஒப்பந்தத்துக்கான போட்டி இருந்திருந்தாலும், வேலையோடு கட்டப்பட்ட விடுதியில் இருந்த ஒரு பெண்ணுக்கு அதனால் எந்தத் தேர்வும் கிடைக்கவில்லை. அங்கே திருத்தத்தைக் கொண்டுவந்தது சந்தையின் கை அன்று. சாலையில் உட்கார்ந்தவர்களின் குரலும், அந்தக் குரலைக் கேட்டுக் கூசிய ஒரு பெரிய வாடிக்கையாளரின் அழுத்தமும்தான்.

கேன்டீன் வைக்க முடியாத அலுவலகங்களுக்காகப் பிறந்தது உணவுக் கூப்பன். சமைப்பவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை ஊழியரிடமே விட்டுவிடுவதால், கத்தரிக்காய்ச் சந்தைக்கு மிக அருகில் வரும் ஏற்பாடு இது என்று தோன்றும். ஊரில் உள்ள ஓட்டல்கள் எல்லாம் களத்துக்குள் வந்துவிடுகின்றன அல்லவா? ஆனால் கூப்பனுக்கு உள்ளே இன்னொரு சந்தை ஒளிந்திருக்கிறது: கூப்பனை அச்சிட்டு விற்கும் நிறுவனங்களின் சந்தை. அந்தச் சந்தையின் வாடிக்கையாளர் மறுபடியும் ஹெச்.ஆர். துறைதான்.

பிரேசிலின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். அங்கே 1976இல் தொழிலாளர் உணவுத் திட்டம் சட்டமானது. ஊழியர்களுக்கு உணவு தரும் நிறுவனங்களுக்கு வரிச் சலுகை கிடைத்தது, அதன் நிழலில் கூப்பன் தொழில் பெரிதாக வளர்ந்தது. நான்கு பெரிய கூப்பன் நிறுவனங்கள் நிறுவன வாடிக்கையாளர்களைப் பிடிக்கக் கடுமையாகப் போட்டி போட்டன. போட்டி முற்றி, சேவைக் கட்டணம் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. 100 ரூபாய்க் கூப்பனை 97 ரூபாய்க்குக் கொடுப்பது போல, முதலாளிக்கே தள்ளுபடி கொடுத்தார்கள். அந்தத் தள்ளுபடியை யார் சுமந்தது? கூப்பனை வாங்கிக்கொள்ளும் ஓட்டல்களிடமும் மளிகைக் கடைகளிடமும் வாங்கும் கழிவு, அதாவது கமிஷன், உயர்ந்தது. பணம் கைக்கு வரும் நாள் தள்ளிப்போனது. கடைக்காரர்களில் சிலர் கூப்பனையே மறுத்தார்கள், மற்றவர்கள் விலையில் ஏற்றிக்கொண்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் இழப்பு ஊழியரின் தட்டில்தான் வந்து விழுந்தது. போட்டி இருந்தது, தள்ளுபடி இருந்தது, அனுபவித்தவர் மட்டும் வேறொருவர். 2021இன் ஆணையும் 2022இன் 14,442ஆம் எண் சட்டமும் முதலாளிக்குத் தள்ளுபடி கொடுப்பதைத் தடை செய்தன; ஊழியர் தம் கூப்பன் நிறுவனத்தைத் தாமே மாற்றிக்கொள்ளும் உரிமையையும், ஒரு நிறுவனத்தின் அட்டை மற்றவரின் கருவியிலும் செல்லுபடியாக வேண்டும் என்ற கோட்பாட்டையும் எழுத்தில் கொண்டுவந்தன. 2025 நவம்பரில் வந்த ஆணை, கடைக்காரரிடம் வாங்கும் கழிவுக்கு 3.6 விழுக்காடு என்ற உச்சவரம்பையும், பணத்தைக் கொடுக்க 15 நாள் என்ற கெடுவையும் வைத்தது. அரசு இங்கே போட்டியைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. போட்டி எதைச் சுற்றி நடக்கலாம் என்பதை மாற்றியது. செல்பேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதிக்குப் பழகிய நமக்கு இந்த யோசனை புதிதாகத் தோன்றாது.

பிரான்சின் கதை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. அங்கே 1967இல் உணவுக் கூப்பன் முறை சட்ட வடிவம் பெற்றது. கூப்பன் மதிப்பில் 50 முதல் 60 விழுக்காட்டை முதலாளி கொடுக்கிறார், மீதியை ஊழியர் கொடுக்கிறார். நான்கு நிறுவனங்களே சந்தையை ஆண்டன. 2019 டிசம்பரில் பிரெஞ்சுப் போட்டி ஆணையம் அந்த நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 41.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அவை, கூப்பன்களை வாங்கிச் சரிபார்த்துக் கடைகளுக்குப் பணம் தீர்க்கும் தங்கள் பொது மையத்தின் வழியாகச் சந்தைப் பங்கு விவரங்களைப் பரிமாறிக்கொண்டன. புதியவர்கள் அந்த மையத்தில் சேருவதைத் தடுத்தன. அட்டை, செயலி போன்ற மின்னணு வடிவத்தில் ஒருவர் மட்டும் முந்திப் போகக் கூடாது என்று தங்களுக்குள் கட்டிக்கொண்டன என்பவை குற்றச்சாட்டுகள். இந்த மூன்றாவதைத்தான் ஊழியரின் கண்ணால் பார்க்க வேண்டும். காகிதக் கூப்பனுக்குச் சில்லறை கிடைக்காது, தொலைந்தால் தொலைந்ததுதான், தேதி போனால் மதிப்புப் போயிற்று. இவை எல்லாமே அட்டை வந்தால் தீரக்கூடிய தொல்லைகள். யாரும் முந்தக் கூடாது என்று ஓட்டக்காரர்களே பேசி வைத்துக்கொண்டதால், தீர்வு கையில் இருந்தும் தாமதமானது. பின்னர் ஸ்வைல் போன்ற புதியவர்கள், சாதாரண மாஸ்டர்கார்டு வலையமைப்பிலேயே ஓடும் அட்டையோடு உள்ளே வந்தபோது, பழைய நிறுவனங்களும் செயலிக்கும் அட்டைக்கும் வேகமாக நகர்ந்தன. கட்டணத்தில் நடக்கும் போட்டி முதலாளியிடமே தேங்கலாம். வசதியில் நடக்கும் போட்டி ஊழியரின் கைக்கு வந்து சேர்கிறது.

இந்தியாவில் கூப்பன் வேறு காரணத்துக்காகப் பரவியது. வேளைக்கு 50 ரூபாய் வரையிலான உணவுக் கூப்பனுக்கு வருமான வரி விதிகள் நெடுங்காலம் விலக்கு அளித்துவந்தன. நாளுக்கு இரண்டு வேளை, மாதத்துக்கு 22 நாள் என்று கணக்கிட்டால் மாதம் 2,200 ரூபாய், ஆண்டுக்கு 26,400 ரூபாய். மாதக் கடைசியில் கூப்பன் கட்டோடு பல்பொருள் அங்காடி வரிசையில் நின்று, பத்து ரூபாய் சில்லறைக்குப் பதிலாகச் சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்தவர்களுக்கு அந்தக் காகிதத்தின் குணம் தெரியும். 2015க்குப் பிறகு ஸீட்டா போன்ற புதிய நிறுவனங்கள் செயலியோடு வந்தன. பழைய நிறுவனங்களும் காகிதத்தைக் கைவிட்டு அட்டைக்கு மாறின. சில்லறைத் தொல்லை ஒழிந்தது. ஆனால் எந்த நிறுவனத்தின் அட்டை என்பதை இன்றும் ஊழியர் தேர்ந்தெடுப்பதில்லை. வேலை மாறினால் அட்டையும் மாறும். 2020இல் வந்த புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு இந்த விலக்கே இல்லாமல் போனதால், போட்டியின் பரிசே சுருங்கியது.

போட்டியைப் புகழும் கட்டுரைகளில் இன்னொருவரும் விடுபட்டுப் போகிறார். கேன்டீனில் வேலை செய்கிறவரும் ஊழியர்தான். அரிசி விலையைக் கான்ட்ராக்டரால் குறைக்க முடியாது, கேஸ் விலையைக் குறைக்க முடியாது. டெண்டரில் தட்டு விலை இறங்க இறங்க, அவரால் கை வைக்க முடிந்தது மாஸ்டரின் கூலியிலும், சப்ளை செய்கிறவரின் வேலை நேரத்திலும், பாத்திரம் கழுவும் பெண்களின் எண்ணிக்கையிலும்தான். ஒரு பிரிவு ஊழியருக்கு மலிவாகக் கிடைக்கும் சாப்பாட்டை இன்னொரு பிரிவு ஊழியரின் கூலியிலிருந்து எடுத்துத் தருவதை மேம்பாடு என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இதைத் தடுக்கச் சில நிறுவனங்கள் பின்பற்றும் முறை எளிமையானது: கூலி, வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. ஆகியவற்றை டெண்டரிலேயே தனி வரியாகப் பிரித்து நிலையாக வைத்துவிட்டு, மீதமுள்ள பகுதியில் மட்டும் விலை கேட்பது. கூடவே ஒரு தலைக்கு இத்தனை கிராம் பருப்பு, இன்ன தர அரிசி, இன்ன எண்ணெய் என்று எழுதிவிட்டால், 2 ரூபாய் குறைப்பதற்கான மறைவிடங்களும் பெரும்பாலும் அடைபடும்.

எழுதி வைத்ததை மீறினால் கான்ட்ராக்டரை மாற்ற முடிய வேண்டும். மாற்றுவது எவ்வளவு எளிது என்பது, பெரும்பாலும் யாரும் படிக்காத ஒரு பின்னிணைப்பைப் பொறுத்தது: ஸ்டீம் பாய்லர், கிரைண்டர், இட்லிச் சட்டிகள், குளிர்பதன அறை ஆகியவை யாருக்குச் சொந்தம்? நிறுவனத்துக்குச் சொந்தம் என்றால், 30 நாள் நோட்டீசில் மாஸ்டர்கள் மாறுவார்கள், அடுப்பு அணையாது. கான்ட்ராக்டருக்குச் சொந்தம் என்றால், அவரை அனுப்பும் நாளில் சமையலறையே லாரியில் ஏறிப் போய்விடும். அதை அறிந்தவர் என்பதால் எந்தப் புகாருக்கும் அவர் அசைய மாட்டார். முதலீட்டை மிச்சம் பிடிக்க எண்ணிக் கான்ட்ராக்டரின் பாய்லரை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், அடுத்த டெண்டரின் போட்டியை அன்றே விற்றுவிடுகிறது.

ஊழியரின் தேர்வை நேரடியாகக் கேட்க முடியாத ஒற்றைக் கேன்டீனில்கூட, அந்தத் தேர்வு தினமும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது. தட்டு கழுவும் இடத்தில் மீதச் சோறு விழும் தொட்டியை ஒவ்வொரு வேளையும் எடை போட்டு, அந்த எடையை அன்றைய மெனுவுக்கு எதிரே எழுதி, மாத பில்லில் ஒரு பகுதியை அந்த எண்ணோடு கட்டிவிடலாம். திருப்திக் கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போகிறவர்கள்கூட, செவ்வாய்க்கிழமைக் கூட்டை அந்தத் தொட்டியில்தான் கொட்டிவிட்டுப் போகிறார்கள்.